ஆறாத புண்ணை ஆறப் போடலாமா?

"தோல் புற்றுநோயா? அது வெள்ளைக்காரனுக்கு வர்றது. வெயில்ல கறுத்த நம்ம தோலுக்கு என்ன வரப்போகுது?" தோட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் யார்? இதில் பாதி உண்மை. நம் தோலின் கருமை, சூரியக் கதிரைத் தடுக்கும் இயற்கைக் குடைதான். வெள்ளைத் தோல்காரர்களுக்கு வரும் அளவுக்கு இந்நோய் நமக்கு வருவதில்லை. ஆனால் மீதிப் பாதிதான் ஆளைக் கொல்கிறது. நமக்கு வரும்போது அது பெரும்பாலும் வெயில் படும் இடத்தில் வருவதில்லை. உள்ளங்காலிலும், நகத்துக்கு அடியிலும், பழைய புண்ணிலும் ஒளிந்துகொண்டு வருகிறது. நாமும் அங்கே பார்ப்பதில்லை.

நம் பிள்ளைகள் சட்டையில் படம் போட்டுத் திரிகிறார்களே, ஜமைக்கா பாடகர் பாப் மார்லி, அவரும் வெள்ளைத் தோல்காரர் அல்லர். 1977-இல் அவர் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண், பந்து விளையாடிப் பட்ட அடி என்றே எண்ணப்பட்டது. சோதித்தபோது மெலனோமா என்னும் கொடிய தோல் புற்று. விரலை எடுத்துவிடச் சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. 1981 மே மாதம் 36 வயதில் இறந்து போனார்.

ஆகவே, வேலை முடிந்து குளிக்கும்போது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி, ஓரம் கோணல்மாணலாக, ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறமாக, நாளுக்கு நாள் பெரிதாகிறதா? காட்ட வேண்டியதுதான். நகத்தில் கறுப்புக் கோடு நம்மவர் பலருக்கும் இயல்பாகவே உண்டு, பயப்பட வேண்டாம். ஒரே விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கோடு, நகத்தைத் தாண்டிச் சதையிலும் கறுப்புப் படரும் கோடு, அதுதான் ஆபத்து. மருதாணியும் நகச்சாயமும் இதை மறைத்துவிடும் என்பதைப் பெண்கள் கவனிக்க வேண்டும். கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவுவதும், மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பதும் போதும், விட்டுவிடுங்கள்.

அடுத்தது பழைய புண். சிறு வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு, ஆண்டுக்கணக்காக ஆறியும் ஆறாமலும் இருக்கும் கால் புண் ஆகியவற்றில் பல வருடங்கள் கழித்துப் புற்று வைப்பதுண்டு. "இனிப்பு நீர்க்காரனுக்குப் புண் ஆறாது" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இருக்கலாம். ஆனால் புண்ணின் ஓரம் தடித்து மேலெழும்பி, தொட்டால் ரத்தம் கசிந்து, நாற்றம் அடித்தால், அல்லது தொடை இடுக்கில் நெறி கட்டி இறங்காமல் இருந்தால், அது வேறு விஷயம். நான்கு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

வயதானவர்களுக்கு இன்னொன்று. பாராகுவாட் வருவதற்கு முன்பு, லாலான் புல்லை அழிக்க ரப்பர்த் தோட்டங்களில் சோடியம் ஆர்செனைட் அடித்தார்கள். அது பாஷாணம். அதை நீண்ட நாள் கையாண்ட உடம்பில், பல்லாண்டுகள் சென்று உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆணி போலக் கெட்டிப் புள்ளிகள் தோன்றலாம். சில புற்றாகவும் மாறலாம். தழைத்தது தோட்டம், தங்கியது நம்மவர் உடம்பில்! பாராகுவாட்டையும் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். இன்று எந்த மருந்து அடித்தாலும் கையுறை, பூட்ஸ், முழுக்கைச் சட்டை வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி நிர்வாகம் கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்கு உங்களிடம் காசு பிடிக்கக் கூடாது. இளஞ்செம்பனைக் காட்டில் நிழல் கிடையாது. அங்கே விலை உயர்ந்த களிம்பைவிட அகலத் தொப்பியும் கழுத்தை மூடும் துண்டும் நமக்குக் கைகொடுக்கும்.

நம் மக்களைத் தடுத்து நிறுத்துவது அறியாமை மட்டுமல்ல, பயம். "கத்தி பட்டா பரவிடும்" என்கிறார்கள். சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதிப்பதால் புற்று பரவுவதில்லை. பரவ விடுவது நாம் கடத்தும் மாதங்கள்தான். ஆரம்பத்தில் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்துத் தையல் போடுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். முற்றிய பிறகு வந்தால் விரலோ காலோ போகலாம், உயிரும் போகலாம்.

இன்னொரு பயம், சம்பளம். இரண்டு வருடம் நிறையாதவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தருகிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தோட்டத்து டிரெசர் களிம்பு கொடுத்து "பார்க்கலாம்" என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். டாக்டரிடம் புண்ணை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் சொல்லி எழுத வையுங்கள். தொழிலால் வந்த நோய் என்று பின்னால் சொக்சோவில் கோர நேர்ந்தால், அந்த எழுத்துத்தான் உங்களுக்காகப் பேசும்.