இடிப்பதற்கும் ஓர் அடுக்கு வேண்டும்

2017 ஜூலை 25 அன்று காட்கோபர் மேற்கில் தாமோதர் பார்க் பகுதியில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். முன்பு மருத்துவமனை இயங்கிய தரைத்தளத்தில் அப்போது புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையில் தூண்கள் சிதைக்கப்பட்டன என்பது குடியிருப்போரின் குற்றச்சாட்டு. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. ஆனால் கட்டடக்கலையும் கட்டுமானப் பொறியியலும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பழைய கட்டடத்தில் எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அத்துறைகளின் வரைபடங்கள் ஐயமின்றிச் சொல்கின்றனவா?

கையால் வரைந்த காலத்தில் இதற்கு ஒரு விடை இருந்தது. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, இருக்கும் வேலைக்குக் கறுப்புக் கோடு, இடிக்க வேண்டியதற்கு மஞ்சள் சாய்கோடுகள், புதியதற்குச் சிவப்பு. வரைபடம் கணினிக்கு வந்தபின், இந்த வேறுபாட்டைக் காக்கும் பொறுப்பு லேயர் எனப்படும் அடுக்கிடம் வந்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் அடுக்கு நெறிமுறை, பெயரின் இறுதியில் ஓர் எழுத்தைச் சேர்த்து நிலையைக் குறிக்கிறது: நிலைத்திருப்பதற்கு ‘ஈ’, இடிப்புக்கு ‘டி’, புதியதற்கு ‘என்’.

ஏற்பாடு எளியது, அதை மீறுவது அதனினும் எளிது. இடிக்க வேண்டிய சுவரை இடிப்பு அடுக்குக்கு மாற்றாமல் கோப்பிலிருந்தே அழித்துவிட்டால், அச்சுவர் இருந்ததற்கான தடயமே மறைகிறது. பின்னர் அக்கோப்பைப் பெறும் பொறியாளர், அந்த வெற்றிடம் தொடக்கத்திலிருந்தே இருந்ததென்று கருதுவார். இன்னொரு பிழை, செங்கல் தடுப்புச் சுவரையும் கான்கிரீட் தூணையும் ‘இருப்பவை’ என்ற ஒரே அடுக்கில் வைப்பது. அப்போது இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து இடிப்புக்கு அனுப்ப ஒரு சொடுக்கு போதும். நிறத்தை மட்டும் நம்பிய வரைபடமோ, கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்பட்டதும் ஊமையாகிவிடுகிறது.

ஆகவே தூண், உத்திரம், சுமை தாங்கும் சுவர் ஆகியவை தனி அடுக்கில் இருக்க வேண்டும். அந்த அடுக்கு பூட்டப்பட்டிருக்க வேண்டும். இடிப்புக்கு நிறத்தோடு விட்டுவிட்டு வரும் கோடும் வேண்டும். இருப்பது, இடிப்பது, புதியது என்ற மூன்று தாள்களும் ஒரே கோப்பிலிருந்து பிறக்க வேண்டும். பூச்சை நீக்கிச் சோதிக்காத பகுதிகளை ‘சரிபார்க்கப்படாதவை’ என்ற தனி அடுக்கில் வைப்பதே நேர்மை. பொறியாளர் பார்க்கும்வரை அதிலிருந்து எதுவும் இடிப்பு அடுக்குக்குச் செல்லக்கூடாது.

வரைபடமே இல்லாமல் சுத்தியலைத் தூக்குபவரை அடுக்குகள் தடுக்குமா என்று கேட்கலாம். தடுக்கமாட்டா. ஆனால் யார் எதை இடிக்கச் சொன்னார் என்பதற்கு அவை சான்றாகும். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு, 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களின் உறுதியைப் பொறியாளர் ஆராய வேண்டும் என்கிறது. இடையில் எது நீக்கப்பட்டது என்ற பதிவு இல்லாவிடில் அவர் பூச்சுக்கு மேலேதான் பார்க்க இயலும்.

வகுப்பறைகளில் புதிய வடிவமைப்புக்கே மதிப்பெண் குவிகிறது. ஒரு பழைய கட்டடத்தை அளந்து, அதன் இடிப்புத் தாளை மட்டும் பிழையின்றி வரையும் பயிற்சிக்கும் பாடத்திட்டத்தில் இடமளிக்க வேண்டும். மாணவர் அந்தத் தாளில் கையொப்பமிடும்போது, மேல்மாடியில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.