ஒரு மதில், எண்பது பங்காளிகள்

பாகப்பிரிவினை என்றவுடனே நம்மவர்களுக்குக் கோர்ட்டும் வக்கீலும் ஞாபகத்துக்கு வருவது சகஜம். பிரான்ஸ் தேசத்திலோ ஒரு நிலம் சுமார் எண்பது பேருக்குப் பங்காகியும், பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே தோட்டமாகவே விளங்குகிறது. பர்கண்டிப் பிரதேசத்தில், டிஜோன் நகருக்குத் தெற்கே, கிழக்கு நோக்கிச் சரிந்து கிடக்கும் அத் திராட்சைத் தோட்டத்தின் பெயர் க்ளோ தெ வூஜோ. 'க்ளோ' என்றால் மதில் சூழ்ந்த நிலம் என்று பொருள். பரப்பு ஏறக்குறைய 50 ஹெக்டேர். நம் கணக்கில் 125 ஏக்கர்.

மதுவின் பெருமையைப் பாடுவது நமது நோக்கமன்று. அந்த நிலத்தின் சரித்திரம் மது தொடாத வீட்டுக்கும் உபயோகமானது.

அதை உண்டாக்கியவர்கள் துறவிகள். 1098-ஆம் ஆண்டில் அருகிலுள்ள ஸீத்தோ என்னுமிடத்தில் ஒரு கிறிஸ்தவ மடம் தோன்றிற்று. ஜபமும் சரீர உழைப்பும் அம்மடத்தாரின் விரதம். அவர்கள் தானமாகவும் கிரயமாகவும் துண்டு துண்டாக நிலம் சேர்த்து, 1336-ஆம் ஆண்டுக்குள் முழுவதையும் மதிலால் வளைத்தார்கள். திராட்சை பிழிய அவர்கள் பயன்படுத்திய பிரம்மாண்டமான மர ஆலைகளை இன்றும் அங்கே காணலாம். 1551-இல் மாளிகையும் எழும்பிற்று.

பிறகு வந்தது பிரெஞ்சுப் புரட்சி. மடத்துச் சொத்துக்கள் தேசத்தின் சொத்துக்களாயின. 1791-இல் தோட்டம் விலை போயிற்று. 1818 முதல் ஊவ்ரார் குடும்பத்தாரிடம் இருந்து, 1889-இல் ஆறு பேர் கைக்கு மாறியது. அப்பால் விற்பனையும் வாரிசுரிமையுமாகப் பிரிந்து பிரிந்து, இன்று சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். புரட்சிப் படையின் தலைவர் ஒருவர் அவ்வழியே செல்லுகையில், தோட்டத்துக்கு மரியாதை செய்யும்படி சிப்பாய்களுக்கு உத்தரவிட்டார் என்று ஒரு கதையும் வழங்குகிறது.

ஆனால் மதிலுக்குள் இருக்கும் மண் ஒரே மண்ணா? இல்லை. மாளிகையை ஒட்டிய மேற்பகுதியில் சுண்ணாம்புப் பாறையின்மேல் சரளை கலந்த மெல்லிய மண். மழைநீர் தங்காமல் வடிந்துவிடும். கீழே நெடுஞ்சாலைப் பக்கம் ஆழ்ந்த களிமண். நீர் தேங்கிக் கொடியின் வேரை வருத்தும். அப்படியிருந்தும், 1937-இல் சட்டம் மதிலுக்கு உட்பட்ட நிலம் அனைத்துக்கும் ஒரே உயர்ந்த பதவியை அளித்துவிட்டது. ஆகவே மேட்டு நிலத்துக்காரரும் பள்ளத்து நிலத்துக்காரரும் ஒரே பெயரைப் புட்டியில் ஒட்டி விற்கலாம்.

இதிலே விசேஷம் என்னவெனில், விஷயம் அறிந்தவர்கள் அப்பெயரை மட்டும் பார்த்து ஏமாறுவதில்லை. "யாருடைய வரிசை?" என்றே முதலில் விசாரிக்கிறார்கள். பள்ளத்து நிலத்தையும் நன்றாய்ப் பராமரித்து, கொடிகளைத் தறித்து, காய்ப்பை அளவோடு நிறுத்துகிறவருக்கு மதிப்பு உண்டு. மேட்டு நிலம் வாய்த்தும் அசிரத்தையாய் இருப்பவருக்கு மதில் கைகொடுப்பதில்லை.

பர்கண்டியின் இத்தகைய திராட்சை நிலங்களை 2015-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பழம்பெருமை பேசுவதில் நாமும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். முன்னோர் எழுப்பிய மதிலுக்கு வழிப்போக்கர் வணக்கம் செலுத்தட்டும். அதற்குள் நம் பங்குக்கு வந்த வரிசையில் களை எடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்வது நம் வேலை.