கோட்டை விட்டவர் கணக்கு

நம் ஊரில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். அமெரிக்க பேஸ்பாலில் 2026 முதல் அதுவே மேல்முறையீடு. பந்து வருகிறது, அம்பயர் 'ஸ்ட்ரைக்' (குறித்த கட்டத்துக்குள் வந்தது) என்கிறார், மட்டையோடு நிற்பவருக்கு ஒப்பவில்லை. ஹெல்மெட்டில் தட்டுகிறார். பெரிய திரையில் பந்து வந்த பாதை ஓடுகிறது. கட்டத்தின் ஓரத்தை ஒரு நூல் உரசியிருந்தால் அம்பயர் ஜெயித்தார். இல்லையென்றால் அரங்கம் முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. பேட்டர், பந்தை எறியும் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் ஆகிய மூவருக்கு மட்டும்தான் தட்டும் உரிமை. அணிக்கு இரண்டு வாய்ப்பு, வாதம் ஜெயித்தால் வாய்ப்பு குறையாது.

இதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். கிரிக்கெட்டில் அம்பயர் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் டி.ஆர்.எஸ். பற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதென்று, நண்பர்களோடு கொலம்பஸிலிருந்து சிகாகோவுக்கு ரிக்லி ஃபீல்டு பார்க்கக் கிளம்பியதே இந்தக் கூத்தை நேரில் பார்க்கத்தான். வண்டி ஓட்டியது இந்தப் பத்தியில் அடிக்கடி திட்டு வாங்கும் திருச்சிக்காரன். பின்சீட்டில் அண்ணாச்சி, மடியில் புளியோதரைத் தூக்கு. இந்தியானா முழுக்கச் சோளக்காடு. அதில் வர்ணிக்க ஒன்றுமில்லை, அண்ணாச்சியே தூங்கிவிட்டார்.

ரிக்லி 1914இல் கட்டிய மைதானம். சுற்றிலும் குடியிருப்பு, எதிர்த்த வீட்டு மொட்டைமாடியில் படிவரிசை போட்டு டிக்கெட் விற்கிறார்கள். நம் ஊரில் ஓசியில் எட்டிப் பார்ப்பதை இங்கே தொழிலாக்கியிருக்கிறார்கள். விளக்குக் கம்பமே 1988இல்தான் வந்தது, அதுவரை பகலாட்டம் மட்டும். எல்லைச் சுவரில் 1937இல் நட்ட கொடி இன்னும் படர்ந்திருக்கிறது. பந்து அந்த இலைக்குள் போய் மாட்டிக்கொண்டால் ஃபீல்டர் கையைத் தூக்கிவிட்டு நின்றால் போதும், அடித்தவருக்கு இரண்டு பேஸ். அதே 1937இல் வைத்த ஸ்கோர் போர்டுக்குள் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு ரன் விழுந்தால் ஒரு சதுரம் உள்ளே போகும். கொஞ்ச நேரம் அந்த ஓட்டை இருட்டாக இருக்கும். பிறகு புது எண் வந்து உட்காரும். ஆட்டத்தைவிட அதையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, இயந்திர அம்பயர். ஒவ்வொரு வீரரின் உயரத்தையும் அளந்து, அதில் 53.5 சதவீதம் மேல் எல்லை, 27 சதவீதம் கீழ் எல்லை என்று கட்டம் போட்டுவிட்டார்கள். இனி அக்குள் உயரமா, முட்டி உயரமா என்ற சண்டைக்கு இடமில்லை. ஆனால் நாலாவது இன்னிங்ஸில் நடந்த ஒன்று இதையெல்லாம் என் மண்டையிலிருந்து துடைத்துவிட்டது.

எதிரணி ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) நோக்கித் தரையோடு ஒரு பந்து. வேகம் இருந்தது, அசாத்திய வேகம் இல்லை. கையுறையின் அடிப்பகுதியில் பட்டு, நெஞ்சில் மோதி, அவர் காலடியிலேயே விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் அடித்தவர் முதல் பேஸைத் தாண்டிவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கு முன்வரிசையில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, மடியில் அட்டை, கையில் குட்டை பென்சில். அவள் எழுதவில்லை, காத்திருந்தாள். பக்கத்தில் தாத்தா 'ஹிட்' என்றார், அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். சற்று நேரத்தில் திரையில் 'இ' விழுந்தது. எரர். பிழை. பென்சில் 'இ6' என்று எழுதியது. ஆறு என்பது ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்தின் எண்.

அந்த 'இ'யை எந்த இயந்திரமும் போடவில்லை. அரங்கத்தில் அஃபீஷியல் ஸ்கோரர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அடித்தவரின் திறமையா, பிடித்திருக்க வேண்டியவரின் தவறா என்று அவர்தான் தீர்ப்பு சொல்கிறார். விதி கேட்பது ஒன்றே: சாதாரண முயற்சியில் பிடித்திருக்கலாமா? பிடித்திருக்கலாம் என்றால் தவறு ஃபீல்டர் பெயரில் ஏறும். அந்தத் தவறால் வந்த ரன் பிட்சரின் சராசரியில் ஏறாது. கடைசி வரியைத் தயவுசெய்து இன்னொருமுறை படியுங்கள்.

இந்த நாற்காலிக்கும் கறை உண்டு. வெகுகாலம் பத்திரிகை நிருபர்களே அதில் உட்கார்ந்தார்கள். 1941இல் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த சாதனையின் நடுவே, ஷார்ட்ஸ்டாப் லூக் ஆப்ளிங் பக்கம் போன இரண்டு பந்துகளை ஹிட் என்று எழுதியவர் நியூயார்க் நிருபர் டான் டேனியல். அவற்றை 'இ' என்று எழுதியிருந்தால் அந்தச் சாதனை பாதியிலேயே நின்றிருக்கும். ஊர்க்காரருக்கு ஊர்க்காரர் எழுதினார் என்று இன்றும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். என்ன எழுதினார் என்பது எழுத்தில் இருப்பதால்தானே முணுமுணுக்க முடிகிறது!

கிரிக்கெட்டில் அதற்கும் வழியில்லை. பழைய வாசகர்களுக்கு இது என் தீராத வயிற்றெரிச்சல் என்று தெரியும். பந்துவீச்சாளரின் கால் ஒரு விரற்கடை கோட்டைத் தாண்டினால் நோபால், கணக்கில் ஏறும். கொஞ்சம் விலகிப் போட்டால் வைடு, அதுவும் ஏறும். கைக்கு நேராக வந்த கேட்சைக் கோட்டை விட்டவர் கணக்கில் மட்டும் ஒன்றும் ஏறாது. அதற்குப் பிறகு விழும் ரன்கள் எல்லாம் பந்துவீச்சாளரின் தலையில். 1994இல் பர்மிங்காமில் பிரையன் லாரா 501 அடித்த கவுண்டி ஆட்டத்தில், அவர் 18இல் இருந்தபோது டர்ஹம் விக்கெட் கீப்பர் ஒரு கேட்சை விட்டார். ஸ்கோர்கார்டை எடுத்துப் பாருங்கள். 501 இருக்கும், பந்து வீசி நொந்தவர்களின் கணக்கு ரன் ரன்னாக இருக்கும், அந்தக் கேட்ச் இருக்காது. இணையதளங்கள் இப்போது கணக்கு வைக்கின்றனவே என்பீர்கள். அது அவரவர் வைக்கும் கணக்கு, ஸ்கோர்கார்டில் ஏறாது. (கல்லூரி மைதானத்தில் என் பந்துக்கு ஸ்லிப்பில் நின்ற மகராசனைப் பற்றி மறுபடி எழுதப்போவதில்லை. எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.)

இதில் வயிற்றெரிச்சலைக் கூட்டும் சங்கதி ஒன்று உண்டு. பேஸ்பாலுக்கு ஆட்டக் கணக்கு எழுதும் முறையை வகுத்தவர்களில் முதல்வரான ஹென்றி சாட்விக் ஒரு கிரிக்கெட் ஆள். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து, சிறுவயதில் புரூக்லின் வந்து, பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பேஸ்பால் பார்த்து மயங்கி, கிரிக்கெட் ஸ்கோர்கார்டையே மாதிரியாக வைத்துப் புது ஆட்டத்துக்குக் கட்டம் வரைந்தார். வரையும்போது பிழைக்கும் இடம் ஒதுக்கினார். பந்தை விலக்கிப் போட்டு எதிராளியை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவதைக்கூட பிட்சரின் பிழை என்றே அவர் கருதினார். பிறந்த வீட்டுக்குச் செய்யாததைப் புகுந்த வீட்டுக்குச் செய்துகொடுத்த மனிதர். அங்கே நன்றியும் காட்டினார்கள்: 1938இல் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது.

திரும்பும் வழியில் இதைச் சொல்லப் போய் வண்டிக்குள் சண்டை. "மச்சி, தப்பு பண்ணினவன் மூஞ்சியில எழுதி ஒட்டறது ஒரு நாகரிகமா? பக்னரை என்ன பாடு படுத்தினாங்க, தெரியும்ல?" என்றான் திருச்சிக்காரன்.

பில் பக்னர் இதே ரிக்லியில் சிகாகோ கப்ஸுக்கு ஆடி 1980இல் லீகின் பேட்டிங் பட்டம் வென்றவர். வாழ்நாளில் 2,715 ஹிட். 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பாஸ்டனுக்காக முதல் பேஸில் நின்றபோது, மெதுவாக உருண்டுவந்த பந்து அவர் கால்களுக்கு நடுவே போய்விட்டது. நியூயார்க் மெட்ஸ் ஜெயித்தது. அடுத்த ஆட்டத்திலும் பாஸ்டன் தோற்று, கோப்பையும் போனது. ஆண்டுக்கணக்கில் வசை. 2008இல் பாஸ்டன் கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டி அவரை வரவேற்றது.

ஆனால் அன்றைய கணக்கு என்ன சொல்கிறது? 'இ3' (மூன்று என்பது முதல் பேஸில் நிற்பவரின் எண்), ஒரே ஒரு பிழை. அதற்கு முன்பே பிட்சர் கேட்சருக்கு எட்டாமல் எறிந்த பந்தில் ஆட்டம் சமனாகிவிட்டது என்பதும் அதே தாளில் இருக்கிறது. கோப்பையைத் தொலைத்தவர் பக்னர் என்று ஸ்கோர்கார்டு எங்கேயும் சொல்லவில்லை, டீக்கடைதான் சொன்னது. கணக்கே இல்லாத கிரிக்கெட்டில் என்ன நடக்கிறது? 1999 உலகக்கோப்பையில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா கொடுத்த கேட்சைத் தென்னாப்பிரிக்காவின் கிப்ஸ் நழுவவிட்டார். 'உலகக்கோப்பையையே கோட்டை விட்டுவிட்டாய்' என்று வா சொன்னதாக ஊரே பேசுகிறது. அப்படிச் சொல்லவில்லை என்று வாவே மறுத்துவிட்டார். யார் கேட்கிறார்கள்? ஒரு 'இ' போட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"எழுதிட்டா கடன் தீந்துடும், எழுதலைன்னா வட்டி ஏறிக்கிட்டே போகும். அதானே தம்பி சொல்லுதீக?" என்றார் அண்ணாச்சி, அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர். மளிகைக் கடை வைத்திருந்தவர், அவருக்குப் புரிந்துவிட்டது.

ஊர் வந்து சேர்ந்ததும் எங்கள் சனிக்கிழமை கிரிக்கெட் லீகின் ஸ்கோர் நோட்டில், கேட்ச் விட்டவர்களுக்கென ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டேன். அங்கே ஸ்கோரர் நான்தான். சேதி பரவி அன்று இரவே போன்கள். முதலில் கூப்பிட்டவர் எங்கள் மிட்-ஆன், தொழிலால் வழக்கறிஞர். பேஸ்பால் விதிப் புத்தகத்தையே இறக்கிப் படித்திருந்தார். சாதாரண முயற்சி என்றால் அந்த லீகில், அந்த இடத்தில் நிற்கும் சராசரித் திறமையுள்ள ஃபீல்டரின் முயற்சி என்று அதில் இருக்கிறதாம். "சார், நம்ம லீகோட சராசரி என்னன்னு உங்களுக்கே தெரியும். அதன்படி பாத்தா கேட்ச் விடறதுதான் இங்க சாதாரணம். பிடிச்சாதான் நீங்க தனியா எழுதணும்" என்றார். பதில் சொல்ல அடுத்த சனிக்கிழமை வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.