கணினிக்கு வந்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’: இந்தியாவில் வாங்க முடிந்தது, இலங்கையில் முடியவில்லை – ஏன்?

நாலு வருஷ காத்திருப்பு 2024-ல் முடிந்தது. பிளேஸ்டேஷன் கன்சோல் வைத்திருந்தவர்கள் மட்டுமே விளையாட முடிந்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ வீடியோ கேம், 2024 மே 16 வியாழக்கிழமை கணினிக்கு வந்தது. ஸ்டீம், எபிக் ஆகிய இரண்டு ஆன்லைன் கடைகளிலும் கிடைக்கும். வெளியானபோது விலை 59.99 டாலர். மார்ச் மாதம் அறிவிப்பு வந்ததிலிருந்தே பலரும் முன்பதிவு செய்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால், ரிலீசுக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில், முன்பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீமிலிருந்து ஒரு தகவல் போனது. உங்கள் நாட்டில் இந்த கேம் விற்கப்படாது, கட்டிய பணம் திருப்பித் தரப்படும் என்பதுதான் அதன் சாரம். 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் ஸ்டீம் கடையில் இந்த கேமை வாங்க முடியாமல் போனது. அந்தப் பட்டியலில் இலங்கை இருந்தது. இந்தியா இல்லை.

ராமேஸ்வரத்தில் இருந்தவரால் வாங்க முடிந்தது, கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னாரில் இருந்தவரால் முடியவில்லை. அப்படி என்னதான் பிரச்சனை? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த கேமில் அப்படி என்ன இருக்கிறது?

கதை நடக்கும் ஆண்டு 1274. குப்லாய் கானின் மங்கோலியப் படை ஜப்பானைப் பிடிக்க முதன்முறையாகக் கப்பலேறி வந்த காலம். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் இருக்கும் சுஷிமா தீவில்தான் அந்தப் படை முதலில் கால் வைத்தது. கொமோடா கடற்கரையில் எதிர்த்து நின்ற சிறிய சாமுராய் படை அழிந்துபோனது. இவ்வளவும் வரலாறு.

அந்தப் போரில் பிழைத்துக்கொள்ளும் ஜின் சகாய் என்ற கற்பனை வீரன்தான் கேமின் நாயகன். நேருக்கு நேர் நின்று சண்டையிடுவதுதான் சாமுராய் தர்மம் என்று வளர்க்கப்பட்டவன். எதிரியின் முதுகில் குத்தினால்தான் தீவைக் காப்பாற்ற முடியும் என்ற நிலை வரும்போது அவன் என்ன செய்கிறான் என்பதே கதை.

அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்கிய இந்த கேம், 2020 ஜூலை 17 அன்று பிளேஸ்டேஷன் 4-ல் வெளியானது. முதல் மூன்று நாளிலேயே 24 லட்சம் பிரதிகள் விற்றன. 2022 ஜூலை வரை 97 லட்சத்துக்கும் மேல். அகிரா குரோசவாவின் படங்களைப் போல முழுக்க கறுப்பு வெள்ளையில் விளையாட ஒரு வசதியும் இதில் உண்டு. குரோசவா குடும்பத்தாரின் அனுமதியோடு அதற்கு ‘குரோசவா மோட்’ என்றே பெயர் வைத்தார்கள்.

தாக்கம் திரையோடு நிற்கவில்லை. 2020 செப்டம்பரில் அடித்த புயலில், நிஜ சுஷிமா தீவில் இருந்த ஒரு கோயிலின் தோரண வாயில் சாய்ந்தது. அதைச் சரிசெய்ய 50 லட்சம் யென் கேட்டு இணையத்தில் நிதி திரட்டியபோது, கேம் ரசிகர்களும் கைகொடுக்க, சுமார் 2.7 கோடி யென் சேர்ந்தது. கேமின் இயக்குநர்கள் நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் சுஷிமா நகர நிர்வாகம் தனது சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது.

இத்தனை நாள் கணினிக்கு ஏன் தரவில்லை?

பதில் சுலபம்: வியாபாரம். கன்சோல் பெட்டியில் கிடைக்கும் லாபம் பெரிதல்ல. சில சமயம் நஷ்டத்துக்கே விற்பார்கள். அதில் ஓடும் கேம்களில்தான் உண்மையான வருமானம். மற்ற நிறுவனங்களின் கேம் தனது ஆன்லைன் கடையில் விற்றால், அதில் சுமார் 30 சதவீதம் கன்சோல் நிறுவனத்துக்குப் போகும். எனவே ‘இந்த கேம் வேணும்னா எங்க பெட்டியை வாங்கு’ என்று சொல்ல வைக்கும் கேம்கள் அவர்களுக்குத் தேவை. சோனிக்கு சுஷிமா அப்படி ஒரு தூண்டில்.

அந்தத் தூண்டிலின் விலை நம் ஊரில் எவ்வளவு? பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அது 54,990 ஆனது. படிப்புக்கோ வேலைக்கோ என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கும்போது, ஒரு கேமுக்காக இன்னொரு அரை லட்சம் போடுவது பலருக்கும் நடக்காத காரியம். கணினி ரிலீசை இங்கே இத்தனை பேர் எதிர்பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

அப்போ இப்போது ஏன் மனம் மாறினார்கள்?

செலவு எகிறிவிட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில், 2023 ஜூனில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் சில எண்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது மை வழியே எண்கள் தெரிந்துவிட்டன. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ கேமுக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். ‘ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு 21.2 கோடி டாலர்.

இந்தப் பணத்தை ஒரே ஒரு பெட்டியின் வாடிக்கையாளர்களிடம் மட்டும் திரும்ப எடுப்பது கடினம். அதிலும் பெட்டி விற்பனையே எதிர்பார்த்த அளவு இல்லை. 2023-24 நிதியாண்டில் 2.5 கோடி பிளேஸ்டேஷன் 5 விற்க இலக்கு வைத்த சோனி, 2024 பிப்ரவரியில் அதை 2.1 கோடியாகக் குறைத்தது. அதே மாதம் கேம் பிரிவில் சுமார் 900 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகவும் அறிவித்தது. கணினி உள்ளிட்ட பிற தளங்களிலும் கேம்களைக் கொண்டுபோய் லாபத்தைக் கூட்ட வேண்டும் என்று நிறுவனத்தின் தலைவர் ஹிரோகி டோடோகி பேசியதும் அப்போதுதான்.

2020 ஆகஸ்டில் ‘ஹொரைஸன் ஜீரோ டான்’, 2022 ஜனவரியில் ‘காட் ஆஃப் வார்’, அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ஸ்பைடர்மேன்’ என்று ஒவ்வொன்றாகக் கணினிக்கு வந்தன. எல்லாமே ஒழுங்காக வந்தன என்று சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பாகம், பலரது கணினிகளில் திணறி, நடுவிலேயே நின்றுபோனது. அடுத்தடுத்த அப்டேட்களில்தான் ஓரளவு சரியானது.

மே 16-ல் என்ன வந்தது? உங்கள் கணினியில் ஓடுமா?

வந்தது ‘டைரக்டர்ஸ் கட்’ பதிப்பு. மூலக் கதை, அதன் தொடர்ச்சியான இகி தீவுக் கதை, நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் ‘லெஜண்ட்ஸ்’ பகுதி மூன்றும் சேர்ந்தது. கணினிக்கு ஏற்றபடி மாற்றும் வேலையைச் செய்திருப்பது நெதர்லாந்தின் நிக்ஸஸ் நிறுவனம். ஸ்பைடர்மேன் கேமைக் கணினிக்குக் கொண்டுவந்ததும் இவர்கள்தான். 2021-ல் சோனியே இந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது.

கேமை நிறுவ 75 ஜிபி இடம் வேண்டும். குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 960 கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மிகக் குறைந்த தரத்தில் ஓடும். நிறுவனம் பரிந்துரைப்பது 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 2060. சாதாரண 1080பி திரையில், நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் விளையாட இது போதும் என்கிறார்கள். நாலைந்து வருஷப் பழைய கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களும் முயன்று பார்க்கலாம். அகலமான திரைகளுக்கும், மூன்று திரைகளைச் சேர்த்து வைத்து ஆடுபவர்களுக்கும்கூட வசதி உண்டு.

சரி, சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

வேறொரு கேமில். சோனி வெளியிட்ட ‘ஹெல்டைவர்ஸ் 2’ 2024 பிப்ரவரி 8 அன்று பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் ஒரே நாளில் வந்து பெரிய ஹிட் அடித்தது. மே 3 அன்று சோனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. கணினியில் ஆடுபவர்களும் இனி ‘பிளேஸ்டேஷன் நெட்வொர்க்’ கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஸ்டீம் கணக்கோடு இணைத்தே ஆக வேண்டும் என்றது.

மூன்று மாதமாக அந்தக் கணக்கு இல்லாமலே ஆடிக்கொண்டிருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. 2011-ல் இதே பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஹேக்கர்கள் புகுந்து, சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளானதைப் பலரும் நினைவுபடுத்தினார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவை அப்போது இருந்ததே சுமார் 70 நாடுகளில்தான். ஸ்டீமோ கிட்டத்தட்ட உலகம் முழுவதும் விற்கிறது. காசு கொடுத்து கேமை வாங்கியவரிடம், அவர் நாட்டில் தொடங்கவே முடியாத கணக்கைக் கேட்டால் அவர் எங்கே போவார்? அந்த நாடுகளில் ஹெல்டைவர்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. மூன்றே நாளில் சோனி பின்வாங்கி, கணக்கு கட்டாயமில்லை என்று அறிவித்தது. ஆனாலும் அந்த நாடுகளில் விற்பனை உடனே மீண்டும் தொடங்கவில்லை.

அந்தக் கதவு அடைபட்ட சில நாட்களில், அதே நாடுகளில் சுஷிமாவின் கதவும் அடைபட்டது.

சுஷிமாவுக்கு அந்தக் கணக்கு தேவையா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தனியாக விளையாடும் முழுக் கதைக்கும் பிளேஸ்டேஷன் கணக்கு தேவையில்லை என்று சக்கர் பஞ்ச் நிறுவனமே சொல்லிவிட்டது. நண்பர்களோடு ஆடும் ‘லெஜண்ட்ஸ்’ பகுதிக்கும், பிளேஸ்டேஷன் கோப்பைகள், நண்பர்கள் பட்டியல் போன்ற கூடுதல் வசதிகளுக்கும் மட்டும்தான் கணக்கு வேண்டும்.

லெஜண்ட்ஸ் என்பது, 2020 ஜூலையில் வந்த கேமுக்கு அக்டோபரில் இலவசமாகக் கொடுத்த கூடுதல் பகுதி. பெரும்பாலானவர்கள் காசு கொடுத்து வாங்குவது ஜின் சகாயின் கதைக்காக. அந்தக் கதையை ஆட சோனியின் அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆனால், அந்தச் சீட்டு கிடைக்காத நாட்டில் இருந்தவருக்குக் கதையையும் விற்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்ற கதைதான்.

ஹெல்டைவர்ஸ் ஆன்லைனில் மட்டுமே ஆடும் கேம். அங்கே கணக்கு கேட்டதற்காவது மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பவர்களைத் தடுக்க உதவும் என்று சோனி ஒரு காரணம் சொன்னது. தனி ஆளாக, யாரோடும் போட்டியில்லாமல் ஆடும் கதைக்கு அந்தக் காரணமும் பொருந்தாது.

பாதிக்கப்பட்டது யார்?

பட்டியலைப் பார்த்தால் ஏதோ மூலையில் இருக்கும் குட்டித் தீவுகள் மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா இருந்தன. ஆசியாவில் பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை இருந்தன. கோடிக்கணக்கானவர்கள் வாழும் நாடுகள் இவை.

இலங்கையில் பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. கணக்கு தொடங்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்காது. வேறு ஏதாவது ஒரு நாட்டின் பெயரைக் கொடுத்துத் தொடங்குவார்கள். ஆனால், சரியான விவரம் தர வேண்டும் என்பது சோனியின் விதி. அதாவது, பொய் சொன்னால்தான் வாடிக்கையாளராக முடியும், சொன்னால் விதிமீறல். கணினி ரிலீஸ் இந்தத் தலைவலியிலிருந்து அவர்களை விடுவித்திருக்க வேண்டும். கன்சோலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், ஸ்டீமில் வாங்கி ஆடலாம் என்ற வழி திறந்திருந்தது. அது திறந்திருந்தது என்னவோ சில வாரங்கள்தான்.

இந்தியாவில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

இந்தியாவில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவை இருப்பதால் இங்கே விற்பனைக்குத் தடையில்லை. கதையை மட்டும் ஆடுபவர்கள் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. லெஜண்ட்ஸ் வேண்டும் என்றால் தொடங்கியாக வேண்டும்.

வாங்குவதா, வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு விஷயம்: ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கணினியில் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அந்த இரண்டு மணி நேரம் போதும்.

அடுத்து என்ன?

பட்டியலை நீட்டுவதா, சுருக்குவதா என்பது சோனியின் கையில்தான் இருந்தது. லெஜண்ட்ஸ் இல்லாமல் கதையை மட்டும் அந்த நாடுகளில் விற்கலாம். அல்லது பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவையையே அங்கே கொண்டுபோகலாம். இரண்டாவது வழிக்கு அந்தந்த நாட்டுச் சட்டம், வரி, பணப் பரிமாற்றம் என்று வேலைகள் நிறைய. முதல் வழிக்கு அவ்வளவு வேலை இல்லை.

2015-ல் வந்த ‘பிளட்போர்ன்’ போன்ற கேம்கள் என்றைக்குக் கணினிக்கு வரும் என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதுவரை அவர்கள் கேட்ட கேள்வி, “எப்போ வரும்?” என்பது மட்டும்தான். இனி சோனி ஒரு கணினி ரிலீசை அறிவிக்கும்போது, தேதியோடு சேர்த்து இரண்டு வரிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது: அந்த கேமுக்கு பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயமா? விற்கப்படும் நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடு இருக்கிறதா?