கீஸர் தண்ணீரும் மாமியின் வுழூவும்

மாத்தளையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் குழாய்க்கிணற்று நீர். பதினைந்து வருடப் பழைய கீஸர் இப்போது கடகடவென்று சத்தம் போடுகிறதாம். வெந்நீரில் வெள்ளையும் மஞ்சளுமாகத் துகள்கள் வருகின்றனவாம். முழங்கால் வருத்தக்காரியான மாமி, "இது சுத்தமில்லாத தண்ணீர்" என்று இரண்டு வாரமாக சுபஹுக்குத் தயம்மும் செய்கிறாராம். கணவரோ, புதிய கீஸர் வாங்குவது வீண்விரயம் என்கிறாராம். "இருவருக்கும் நடுவில் நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

சகோதரியே, முதலில் மாமியின் காரியம். ஷாபிஈ மத்ஹபில், தண்ணீர் தங்கும் இடத்திலும் ஓடிவரும் வழியிலும் உள்ளவற்றால் அதன் நிறமோ சுவையோ மாறினாலும் அது சுத்தப்படுத்தும் நீர்தான். மண், பாசி, சுண்ணாம்பு எல்லாம் இதில் அடங்கும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இது ஆரம்பப் பாடத்திலேயே வருகிறது. கீஸரின் துருவும் படிவும் அப்படித்தான். ஆகவே அந்த நீரில் வுழூ நிறைவேறும். தண்ணீர் இருக்க, சூடாக்கவும் வசதி இருக்க, தயம்மும் கூடாது. அப்படித் தொழுத சுபஹ்களை மாமி கழாச் செய்ய வேண்டும். இதை நீங்கள் சொல்வதைவிட மகன் மெதுவாகச் சொல்வது நல்லது.

அதற்காக அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். அது வேறு விடயம்.

இனி கீஸர். மாத்தளை, திகன பக்கத்து நிலத்தடியில் டொலமைட் பாறை உண்டு. அதைக் கரைத்து வரும் நீர் கடினமானது. கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கீஸருக்குள் அதுவே பல வருடமாகச் சேர்ந்திருக்கிறது. படிவுக்கடியில் அகப்பட்ட நீர் ஆவியாகிக் குமிழ்விடும் சத்தம்தான் அந்தக் கடகட. பொருக்கு மூடிய சூடேற்றும் கம்பி அளவுக்கு மீறிச் சூடேறி எரிந்துபோகும். பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொண்டால் அது ஆபத்து. அதைக் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வடிப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, நீர் ஆறும்வரை ஒரு இரவு விடுங்கள். குளிர்நீர் வால்வைப் பூட்டி, வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றுப் போக வழிவிட்டபின் அடியால் வடியுங்கள். பிறகு குளிர்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தெளிவாக வரும்வரை அலசுங்கள். வடித்த நீரை முற்றம் கழுவ எடுக்கலாம். மின்கம்பியில் கைவைக்கும் வேலை மின்னியலாளருக்குரியது. வீட்டு ஆண்களின் வீரத்துக்குரியதல்ல.

எங்கள் வீட்டில் இப்படி அலசிய மறுநாளே கீஸர் ஒழுகத் தொடங்கியது. துரு தின்ற ஓட்டைகளை அதுவரை படிவுதான் அடைத்து வைத்திருந்தது போலும். உங்களுடையதும் ஒழுகினால், அல்லது அலசிய பின்னும் துருநீரே வந்தால், மாற்றத்தான் வேண்டும். அது விரயமல்ல, தேவை. பெரிதாக வாங்குவதுதான் விரயம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் வுழூச் செய்ததாக ஸஹீஹான ஹதீஸ் உண்டு. எங்கள் மத்ஹபின் கணக்கில் அது முக்கால் லீற்றருக்கும் குறைவு! மாமியின் வுழூவுக்கும் பிள்ளைகளின் குளிப்புக்கும் 15 லீற்றர் கீஸர் போதும்.

புதியதைப் பொருத்தியதும், வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் நீர் ஓடும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். வெறும் தொட்டியில் கம்பி எரிந்துவிடும். பிள்ளைகளுக்கு வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர்.