கடல் பார்க்க வந்தது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி. மெரினா, காமராஜர் சாலை பஸ் நிறுத்தம். ஒரு இளம் ஜோடி நின்றுகொண்டிருந்தது. பஸ் வந்தது, போனது. மறுபடி ஒன்று வந்தது, போனது. ஜோடி ஏறவில்லை.

ஏன் என்று விசாரித்தோம். பெண்ணுக்கு டிக்கெட் தேவையில்லை. 2021 முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு இலவசம்தானே! ஆனால் புருஷன்காரனுக்கு டிக்கெட் எடுக்கப் பாக்கெட்டில் சல்லிக்காசு கிடையாது. பிடுங்கிக்கொண்டு விட்டார்கள்!

அரக்கோணம் பக்கத்துக்காரர்கள். கல்யாணமாகி 40 நாள்தான் ஆகிறது. பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. "இவ கடலே பார்த்ததில்ல சார், அதான் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றார் அந்த வாலிபர்.

காலை ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கியிருக்கிறார்கள். முதலில் சமாதிகள். எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து வாட்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்களாம். அவருக்குக் கேட்டதாம், அவளுக்குக் கேட்கவில்லையாம்! பிறகு உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பும் அந்த நாலு பேருக்கு முன்னால் ஒரு போட்டோ. ராய் சவுத்ரி செய்து 1959-ல் வைத்த சிலை. இதே திருவல்லிக்கேணி கடற்கரையில்தான் 1923-ல் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் போட்டார்.

அப்புறம் கண்ணகி சிலை. 2001-ல் காணாமல் போய் 2006-ல் திரும்பி வந்த சிலை. அதையும் தாண்டி ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் போட்டு வைக்க 1842-ல் கட்டிய கட்டடம். 1897-ல் விவேகானந்தர் 9 நாள் தங்கியதால் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. கடைசியில் கலங்கரை விளக்கம். பாதுகாப்பு காரணமாகப் பல வருஷம் மூடிக்கிடந்து 2013-ல் திறந்தார்களே, அதே விளக்கம்தான். லிப்டில் மேலே போய், மொத்தக் கடற்கரையையும் பார்த்திருக்கிறார்கள். "பட்டணம் இவ்ளோ பெருசா!" என்று அந்தப் பெண் வாயைப் பிளந்தாளாம்.

நடந்தே சுமார் 3 கிலோ மீட்டர். சுண்டல், பஜ்ஜி, சோளம். ஒரு நாள் பொழுது. இருநூறு, முந்நூறு ரூபாய்ச் செலவில் ஏழை ஜோடிக்கு இதைவிட வேறென்ன சுற்றுலா இருக்கிறது?

அலை ஒரு பக்கம்

சாயந்திரம் காலை நனைக்க இறங்கினார்கள். முழங்கால் தண்ணீர்தான். பின்வாங்கிய அலை, காலுக்கடியில் மணலை உருவியது. பெண் தடுமாறிவிட்டாள். சுண்டல் விற்கும் அம்மா, "ஏய், மேல வாடி பொண்ணே!" என்று கத்தி இழுத்திருக்கிறார்.

நகரவாசிகளுக்குத் தெரியும், மெரினாவில் குளிக்கத் தடை. தரை திடுதிப்பென்று சரிகிற கடல் இது. நீச்சல் தெரிந்தவனையும் இழுத்துப்போகும் நீரோட்டம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது எப்படித் தெரியும்? போர்டு ரோட்டோரம் இருந்தால் போதாது. தண்ணீர் ஓரம் இருக்க வேண்டும்.

ஆசாமிகள் ஒரு பக்கம்

அலையிடம் தப்பியவர்கள் ஆளிடம் மாட்டினார்கள்!

இருட்டியதும் ஒரு படகு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் டார்ச், கட்டை மீசை, காக்கி பேண்ட். இரண்டு பேர்.

"யாருடா இவ? எங்கிருந்து தள்ளிக்கிட்டு வந்தே?"

"என் சம்சாரம் சார்."

"சம்சாரமா? கல்யாண சர்ட்டிபிகேட் எங்கே? நாங்க மப்டி போலீஸ். நட ஸ்டேஷனுக்கு. உங்க அப்பனுக்குப் போன் போடுறேன்."

பெண் தாலியை எடுத்துக் காட்டி அழுதிருக்கிறாள். மசியவில்லை. அப்புறம் 'கேஸ் வேணாம்னா பைன் கட்டு' என்று பேரம். பாக்கெட்டில் இருந்த 1,400 ரூபாய், மாமனார் போட்ட மோதிரம். வாங்கிக்கொண்டு இருட்டில் நழுவிவிட்டார்கள். போனில் பணம் அனுப்பச் சொல்லவில்லை. சொன்னால் நம்பர் சிக்குமே! விவரமான பயல்கள்.

போலி போலீசுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் நாம் கேட்கிறோம். அசல் போலீஸ்காரர்களில் சிலரும் டார்ச் அடித்து, "நீ யார், இவ யார், எழுந்திரு" என்று விரட்டுகிற வழக்கம் இருக்கிறதா இல்லையா? அந்த அதட்டலைக் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குப் பழகிவிட்டது. போலி அதே குரலில் பேசினால் நம்பிவிடுகிறார்கள். அசல் மரியாதையாகப் பேசினால், அதட்டுகிறவன் போலி என்று குழந்தைக்கும் தெரிந்துவிடுமே!

புருஷனும் பெண்டாட்டியும் மணலில் உட்காருவது குற்றமல்ல. வயது வந்த இருவர் பேசிக்கொண்டிருப்பதும் குற்றமல்ல. கல்யாண சர்ட்டிபிகேட்டை மடியில் கட்டிக்கொண்டு அலைய எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கைது செய்ய வரும் போலீசார் தங்கள் பெயர் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். இருட்டிய பிறகு பெண்ணைக் கைது செய்வதற்குப் பெண் போலீசும், மாஜிஸ்திரேட் அனுமதியும் வேண்டும் என்பதும் சட்டம். ரசீது இல்லாமல் கையில் வாங்கும் 'பைன்' பைனே அல்ல, வழிப்பறி! அரசு ஊழியர் என்று நடித்து ஏமாற்றினால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 204-வது பிரிவில் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 வருஷம் வரை ஜெயில்.

இந்த நாலு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே 112, பெண்களுக்கு 181 என்று நம்பர் போட்டு, கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை வைக்க எத்தனை பணம் ஆகிவிடும்? சாலையோர விளக்கு வெளிச்சம் படகுகள் பக்கம் எட்டுவதில்லை. அங்கே இரவு 10 மணி வரை சீருடையில், பெயர் வில்லையோடு, இரண்டு பெண் போலீசாரை நடக்க விட்டால் இந்த டார்ச் ஆசாமிகள் தலைகாட்டுவார்களா?

புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னோம். அவர் தயாரானார். அந்தப் பெண்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க. ஊருல தெரிஞ்சா, பீச்சுல போலீசு புடிச்சிச்சாம்னுதான் பேசுவாங்க."

டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுத்து பஸ் ஏற்றிவிட்டோம். மோதிரம் போன விரலை வீடு போகும் வரை மறைத்துக்கொள்ள வேண்டுமே என்பதுதான் அந்த வாலிபரின் கவலை.