குதிரை மயிர் மேல் விழுந்த பழி

சவரத்தைப் பற்றிச் சங்க இதழில் ஒரு கட்டுரையா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். மொழியைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் எழுத நம்மிடையே பலர் இருக்கின்றனர். காலைதோறும் கண்ணாடி முன் நின்று கன்னத்தில் நுரை பூசுகிறோமே, அந்தப் பிரஷைப் பற்றி எழுத ஒருவரும் முன்வரக் காணோம். ஆண்டில் முந்நூறு நாளேனும் நம் முகத்தைத் தொடும் பொருள் அது. எந்த விலங்கின் மயிரால் ஆனது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

மயிர் என்னும் சொல்லை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். வள்ளுவர் கூசாமல் ஆண்ட சொல் அது. ஆனால் திருவனந்தபுரத்துக் கடைவீதியில் அதை உரக்கச் சொல்லிப் பிரஷ் கேட்க வேண்டாம் என்று புதிதாக வந்திருக்கும் தம்பிமாரை எச்சரிக்கிறேன். மலையாளத்தில் அது கைகலப்பில் முடியக்கூடிய சொல். அங்கே ரோமம் என்க. அல்லது முடி என்க. இதழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஸ்பெயின் நாட்டில் ஆராய்ச்சி செய்துவரும் என் சித்தி மகன் சென்ற விடுமுறைக்கு ஊர் வந்தபோது எனக்கொரு சவர பிரஷ் கொண்டுவந்தார். குதிரை மயிரால் ஆயது. அந்நாட்டில் அத்தகைய பிரஷ்கள் இன்றும் செய்யப்படுகின்றன. பெட்டியின் மேல் பிடரி மயிர் இவ்வளவு பங்கு, வால் மயிர் இவ்வளவு பங்கு என்று கணக்காக அச்சிட்டிருந்தது. பிடரி மயிர் மெல்லியது; வால் மயிர் தடித்தது. முன்னதால் மென்மையும் பின்னதால் விறைப்பும் கிடைக்கின்றன. கரமனையில் நான் தங்கியிருக்கும் மாடி அறையில் நான்கு திங்களாக அதைக்கொண்டே சவரம் செய்துவருகிறேன்.

முதலில் அதன் குறையைச் சொல்லிவிடுகிறேன். நனைத்தவுடன் குதிரை லாயத்தின் வாடை வீசிற்று. சோப்பு நுரையில் ஊறவைத்துக் கழுவிக் கழுவி ஒரு வாரத்தில் அது நீங்கியது. தொடக்கத்தில் சில மயிர்கள் உதிர்ந்தன, பின்னர் நின்றுவிட்டன. பன்றி மயிர் பிரஷைப் போல இதை நெடுநேரம் ஊறவைக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம், சோப்பின் மேல் இருபது முப்பது சுற்று, பின் முகத்தில் சுழற்றினால் வெண்ணெய் போல் நுரை எழுகிறது.

இதில் ரசாயனம் என்ன? தாடி மயிரும் குதிரை மயிரும் கெராட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. கெராட்டின் நீரை உறிஞ்சி உப்பும். உப்பிய மயிர் இளகும். இரண்டு மூன்று நிமிடம் நனைந்த தாடியை வெட்டுவதற்கு, உலர்ந்த தாடிக்கு வேண்டிய விசை வேண்டியதில்லை. ஆகவே சவரத்தில் பாதி வேலையைச் செய்வது பிளேடு அன்று, தண்ணீரே. அந்தத் தண்ணீரை முகத்திலே நிறுத்திவைப்பதும், படிந்து கிடக்கும் தாடி மயிரை நிமிர்த்துவதும் பிரஷின் தொழில். டப்பாவை அழுத்தினால் பீறிட்டு வரும் நுரையில் பூட்டேன் போன்ற வாயுவும் காற்றுக் குமிழியுமே மிகுதி. அதை விரலால் பூசிக்கொண்டு உடனே பிளேடை வைப்பவர்க்கு ஊறும் நேரமும் கிடைப்பதில்லை, மயிரும் நிமிர்வதில்லை.

கரமனைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பேறும் உண்டு. இந்நகரின் குடிநீர் 1933 முதல் அருவிக்கரையிலிருந்து வருகிறது. அது கரமனையாற்று நீர். நம் பொருநையைப் பெற்ற அதே அகத்தியர் மலைத் தொடரில் பிறந்து, சுண்ணாம்பு குறைந்த பாறைகளின் மேல் ஓடிவரும் மெல்லிய நீர். நான் பிறந்த கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிணற்று நீரோ கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது. சோப்பை அதில் எத்தனை தேய்த்தாலும் திரிதிரியாய்ப் படியுமேயன்றி நுரைக்காது. விடுமுறையில் அதே பிரஷையும் அதே சோப்பையும் ஊருக்குக் கொண்டுசென்று பார்த்தேன். இங்குக் கிடைக்கும் நுரையில் பாதியும் எழவில்லை. புலம் பெயர்ந்து வந்ததால் கிட்டிய இன்பங்களில் இதையும் ஒன்றாகக் குறித்துவைத்திருக்கிறேன்.

குதிரை மயிர் அசுத்தமென்று கருதும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவிலே இருக்கிறார். அவரோ நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிகளுக்குத் தவறாது போகிறவர். வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரையின் வால் மயிர் என்று நான் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாளின் அவைக்கு வந்து வயலின் வாசித்தார். மன்னர் அவருக்கு 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார் என்பது வரலாறு. குதிரை மயிரைக் கையில் பிடித்து இந்நகரில் பெருமை பெற்ற தமிழர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்திருக்கிறார்.

அப்படியிருக்க, சவர பிரஷ் என்ற அளவில் மட்டும் குதிரை மயிர் இழிந்தது ஏன்? இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது.

ஆந்திராக்ஸ் என்னும் நோயை நம் ஊர்க்காரர் அடைப்பான் என்பர். மாட்டையும் ஆட்டையும் குதிரையையும் கொல்லும் நோய், மனிதனையும் தொற்றும். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு நிலக்கரி என்று பொருள். தோலில் கொப்புளம் எழுந்து நடுவே கரிபோல் கறுப்பதால் அப்பெயர். இதன் நுண்ணுயிர் காய்ந்த நிலையில் வித்தாகச் சுருண்டுகொள்ளும். மண்ணிலும் மயிரிலும் அந்த வித்து பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். இதையெல்லாம் 1876இலேயே ராபர்ட் கோச் விளக்கிவிட்டார். 1881இல் பாஸ்டர் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டிவிட்டார். இங்கிலாந்தின் பிராட்போர்டில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர் இந்நோயால் மடிவதைப் பெல் என்னும் மருத்துவர் 1880ஐ ஒட்டி உலகறியச் செய்தார். ஆக, விலங்கின் மயிரைக் கொதிநீராவியாலோ ரசாயனத்தாலோ தூய்மை செய்தபின்தான் தொடவேண்டும் என்னும் அறிவு அன்றே இருந்தது.

1914இல் போர் மூண்டது. அதுவரை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மதிப்பு மிக்க சவர பிரஷ் பேட்ஜர் மயிரால் ஆனது. வளை தோண்டி வாழும் ஒரு சிறு விலங்கு அது. போரினால் அதன் வரத்துக் குன்றியது. கீழ்த்திசையிலிருந்து வந்த குதிரை மயிர், முன்பெல்லாம் ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளில் தூய்மை செய்யப்பெற்றுச் சந்தைக்கு வரும், அவ்வழியும் அடைபட்டது. வணிகர் என்ன செய்தனர்? தூய்மை செய்யாத குதிரை மயிரை வெளுத்துச் சாயமேற்றிப் பேட்ஜர் போலத் தோன்றச் செய்து மலிவாக விற்றனர். நச்சுப்புகைக்கு அஞ்சி முகமூடி அணிய வேண்டியிருந்த படைவீரர்க்கோ நாள்தோறும் சவரம் இன்றியமையாதது. முகமூடி முகத்தோடு ஒட்டவேண்டும் அன்றோ! பிளேடு கீறிய சிறு காயத்தின் வழியே வித்து உள்ளே புகுந்தது. 1915 முதல் 1924 வரை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீரரும் பொதுமக்களுமாக 200க்கு மேற்பட்டவர்கள் சவர பிரஷினால் இந்நோயுற்றனர். பென்சிலின் இல்லாத காலம்; இறந்தவர் பலர். குண்டுக்குத் தப்பி, முகம் மழித்துக்கொண்டதால் மாண்டவன் கதையை எண்ணிப் பாருங்கள். 1920இல் ஜப்பானிலிருந்து சவர பிரஷ் இறக்குமதி செய்வதைப் பிரிட்டன் தடை செய்தது.

பழி குதிரை மயிர் மேல் விழுந்தது. குற்றம் யாருடையது? தூய்மை செய்யாமல் விட்டவனும், வேறு பெயரிட்டு விற்றவனும் அன்றோ குற்றவாளிகள்? குதிரை மயிர் என்று உண்மைப் பெயரோடு விற்றிருந்தால், வாங்குபவன் தூய்மை செய்ததா என்று கேட்டிருப்பான். நோய் கண்டவுடன் மருத்துவனும் காரணத்தை எளிதில் பிடித்திருப்பான். பேட்ஜர் என்று நம்பியவனுக்குக் கேட்கவே தோன்றாது. சாயம் மறைத்தது நிறத்தை மட்டுமா?

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022இல் திருச்சூர் மாவட்டத்து அதிரப்பள்ளிக் காட்டில் இறந்து கிடந்த பன்றிகளிடம் அடைப்பான் கண்டறியப்பட்டது. இங்கிருந்து அது ஒரு நாள் பயணத் தொலைவுதான். நோய் நம் மண்ணை விட்டுப் போகவில்லை. இன்று முறையாகச் செய்யப்படும் பிரஷ்களில் அச்சத்துக்கு இடமில்லை என்றாலும், பழைய பிரஷ்களைத் தேடியெடுத்துப் பயன்படுத்தும் ஆசை மேனாடுகளில் பரவியது கண்டு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் 2017இல் இப்பழைய வரலாற்றை நினைவூட்டி ஒரு கட்டுரை வெளியிட்டனர். பாட்டனார் பெட்டியில் அந்தக் காலத்துப் பிரஷ் கிடைத்தால், அதை அலமாரியில் அழகுக்கு வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நன்று.

இனி நம் கடைகளைப் பார்ப்போம். என்னுடன் தங்கியிருக்கும் நண்பர் இஸ்லாமியர். என் பிரஷைக் கண்டு தாமும் ஒன்று வாங்க விரும்பினார். இருவரும் கிள்ளிப்பாலம் வழியே சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தோம். நம் ஊர் அண்ணாச்சி ஒருவர் கடை. ஐந்தாறு பிரஷ்களை எடுத்துப் போட்டார்.

“அண்ணாச்சி, இது எதோட முடி?” என்றேன்.

“நல்ல முடி தம்பி. வருஷக்கணக்கா உழைக்கும்.”

“எந்த மிருகத்தோடதுன்னு கேக்கேன்.”

“அதெல்லாம் கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும்” என்று சிரித்தார்.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அட்டையில் இயற்கை மயிர் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. மலிவான பிரஷ்களில் பன்றி மயிர் பெருவழக்கு. என் நண்பருக்கு அது ஆகாது. புலால் மறுத்த வேறு நண்பர்களுக்கு எந்த விலங்கின் மயிரும் ஆகாது. தின்பண்டப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கும் நம் நாட்டில், முகத்திலும் உதட்டோரத்திலும் உரசும் பொருளின் பிறப்பைச் சொல்ல ஒரு சொல் இல்லை. நண்பர் வெறுங்கையோடு திரும்பினார்.

பெயர் சொல்லாத மயிரின் பின்னால் கொலையும் இருக்கலாம். ஓவியர் பிரஷ் இதற்குச் சான்று. உத்தரப் பிரதேசத்து பிஜ்னோர் மாவட்டத்தில் ஷேர்கோட் என்னும் ஊர் பிரஷ் தொழிலுக்குப் பேர்போனது. கீரியைப் பிடிப்பதையும் அதன் மயிரை விற்பதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எனினும் கீரி மயிர்ப் பிரஷ் ஒளிந்து மறைந்து விற்றதால், 2019இல் நாட்டின் பல இடங்களில் அரசு சோதனை நடத்திப் பறிமுதல் செய்ய வேண்டியதாயிற்று. கீரியின் மயிர் வேண்டுமென்றால் கீரி சாகவேண்டும். குதிரைக்கு அந்த விதி இல்லை. பிடரியையும் வாலையும் கத்தரித்தால் மீண்டும் வளரும். இறைச்சிக்கு வெட்டிய குதிரையின் மயிரும் சந்தைக்கு வருகிறது என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வியும் கூடவே வேண்டும் என்கிறேன்.

நைலான் பிரஷ் இருக்கிறதே என்பார் உளர். இருக்கிறது, விரைவில் உலர்கிறது, எந்த உயிரையும் தொடவில்லை. எவ்விலங்கின் மயிரும் வேண்டாம் என்பவர் தயங்காமல் அதையே வாங்கலாம். என் நண்பரும் இறுதியில் அதைத்தான் வாங்கினார். ஆயினும் என் கன்னம் குதிரை மயிரின் பக்கமே தீர்ப்பளிக்கிறது. அதன் விறைப்பில் ஓர் உரமும் உராய்வும் இருக்கிறது, நைலான் வழுக்குகிறது. இந்த ஊரின் இடவப்பாதி மழைக்காலத்தில் மயிர்ப் பிரஷைக் காப்பது சற்றுத் தொல்லைதான். நன்கு உதறி, காற்றாடியின் கீழ்த் தலைகீழாகத் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிப்பதில்லை. மூடிய குளியலறையில் விட்டால் மூன்றாம் நாள் மணக்கும்.

நம் வளாகத்துக் கூட்டுறவுக் கடையிலும் இரண்டு வகைப் பிரஷ் விற்கிறார்கள். இரண்டிலும் மயிரின் பெயர் இல்லை. அட்டையில் விலங்கின் பெயரும், தூய்மை செய்யப்பட்டது என்னும் குறிப்பும் உள்ள பிரஷை மட்டுமே அக்கடை வாங்கி விற்க வேண்டும் என்று, அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். இந்தச் சிறு செயலுக்குக் கம்பெனிக்காரன் செவிசாய்ப்பானா என்பது வேறு. முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். தாடி வளர்ப்பவராயினும் தடையில்லை.